20 வருடக் கடன் 50 வருடம் ஆனது: வீட்டுக்கடன் எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க

போன ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் ஒரு புது அடுக்குமாடித் திட்டத்துக்குப் பந்தல் போட்டு, வருகிறவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேனரில் பெரிய எழுத்தில் ‘வட்டி குறைந்துவிட்டது, இதுதான் நேரம்’ என்று இருந்தது. உள்ளே ஓர் இளம் தம்பதி, மடியில் கைக்குழந்தை, கையில் கால்குலேட்டர். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2021 நவம்பரில் நானும் என் கணவரும் இப்படி ஒரு பந்தலில்தான் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்த முறையில் கடன் கொடுப்பது அந்த ஒரு கம்பெனி மட்டும் இல்லை.

அப்போது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 4%. வீட்டுக்கடன் 7% அளவில் கிடைத்தது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள்; திறந்தால் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க விலை ஏறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் 43 லட்சத்தில் ஒரு சின்ன டபுள் பெட்ரூம் பார்க்கத்தான் போனோம். பில்டர் ஆபீசிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கடன் கம்பெனிப் பையன் எங்கள் இருவரின் சம்பளத்தையும் கேட்டுவிட்டு, “அக்கா, வட்டி கம்மியா இருக்கறப்பவே பெருசா எடுத்துக்குங்க. உங்களுக்கு 40 லட்சம் வரும்” என்றான். கார் பார்க்கிங்கோடு 50 லட்சம் வீட்டுக்கு அங்கேயே மனசு தாவிவிட்டது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் சதுர அடிக்கு 100 ரூபாய் ஏறும் என்று பில்டர் தரப்பில் வேறு அவசரம்.

அரசு வங்கியில் கேட்டுப் பார்க்கலாமே என்றார் என் கணவர். “பேங்க்ல ஒரு மாசம் இழுப்பாங்க சார், இங்க அஞ்சே நாள்ல சாங்ஷன்” என்று பதில் வந்தது. வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. “ஃப்ளோட்டிங்தான்க்கா நல்லது. வட்டி ஏறினாலும் உங்க இ.எம்.ஐ. ஒரு ரூபா ஏறாது. அதுக்கு நான் கேரண்டி.”

ஃப்ளோட்டிங் என்றால் மாறும் வட்டி. அந்தக் கேரண்டியைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் சொன்னது பொய் இல்லை. இ.எம்.ஐ. ஏறவே இல்லை. 40 லட்சம், 7%, 240 மாதம், மாதம் 31,012 ரூபாய். ஐந்தாம் தேதியானால் அதே 31,012 தான் கணக்கிலிருந்து போனது.

2022 மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத் தேதிக்குக் காத்திராமல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 0.40% ஏற்றியது. ஜூனில் 0.50, ஆகஸ்டில் 0.50, செப்டம்பரில் 0.50, டிசம்பரில் 0.35, 2023 பிப்ரவரியில் 0.25. பத்து மாதத்துக்குள் 4 என்பது 6.50 ஆகிவிட்டது. செய்தியில் பார்க்கும்போதெல்லாம், நமக்குத் தவணை ஏறவில்லையே என்று ஆறுதல்பட்டுக்கொண்டோம். கம்பெனியிலிருந்து இரண்டு மூன்று குறுஞ்செய்தி வந்தது, ‘உங்கள் வட்டி விகிதம் மாற்றப்பட்டுள்ளது’ என்று. எத்தனை மாதம் கூடியது என்று ஒன்றிலும் இல்லை.

பிடிபட்டது வருமான வரிக் காகிதத்தில். வருட ஆரம்பத்தில் கம்பெனி கொடுத்த தற்காலிகச் சான்றில், அந்த வருடம் அசலில் 97,397 ரூபாய் கழியும் என்று இருந்தது. அதை நம்பித்தான் கணவர் ஆபீசில் 80சி வரிவிலக்குக் கணக்குக் கொடுத்திருந்தார். 2023 ஏப்ரலில் இறுதிச் சான்று வந்தது. அசல் 51,754. கட்டிய பணம் அதே 3,72,144. அதில் வட்டி மட்டும் 3,20,390. அச்சுப் பிழை என்று நினைத்து தாம்பரம் கிளைக்குப் போய் முழு ஸ்டேட்மென்ட் கேட்டேன்.

பிழை இல்லை. முதல் தவணையில் அசலுக்குப் போனது 7,679 ரூபாய். அடுத்தடுத்த வரிகளில் அது ஆறாயிரம், ஐயாயிரம், மூவாயிரம் என்று இறங்கி, 2023 ஏப்ரல் தவணையில் 327 ரூபாயில் நின்றது. 31,012 கட்டினால் 30,685 வட்டிக்கு. கடைசிப் பக்கத்தில் ‘மீதித் தவணைகள்: 583’. கட்டி முடித்த 17ஐயும் சேர்த்தால் 600 மாதம், அதாவது 50 வருடம். என் கணவருக்கு அப்போது வயது 42. அந்தக் காகிதத்தை வண்டியில் வைத்துக்கொண்டு நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது.

வட்டி ஏறியதை நான் மோசடி என்று சொல்லவில்லை. ரிசர்வ் வங்கி ஏற்றினால் எல்லோருக்கும் ஏறும். ஏறியதைச் சொல்லாமல், எங்களைக் கேட்காமல், பின்பக்கமாக மாதங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்களே, அதுதான் மோசம். 2022 ஜூனிலேயே ஒரு கடிதம் போட்டிருந்தால் மாதம் இரண்டாயிரம் கூட்டிக் கட்டியிருப்போம். இருந்த ஒரு சீட்டையும் எடுத்து அசலில் போட்டிருப்போம்.

இன்னொரு விஷயம் அதைவிட வலித்தது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை, தாங்களே வைக்காத ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு இணைத்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும், ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. எங்களுக்குக் கடன் கொடுத்த கம்பெனி போன்ற வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் பி.எல்.ஆர். என்று தாங்களே ஓர் அடிப்படை வட்டியை வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கடிதத்தில் பி.எல்.ஆர். 16.20, அதில் தள்ளுபடி 9.20, ஆக 7%. 2023இல் பி.எல்.ஆர். 18.60 ஆனது, தள்ளுபடி அதே 9.20, ஆக 9.40%. ஆனால் அதே மாதம் அதே கிளையின் வாசலில் ‘புதிய வாடிக்கையாளர்களுக்கு 8.60%’ என்று பேனர் தொங்கியது. அவர்களுக்குத் தள்ளுபடி 10. ஒழுங்காகத் தவணை கட்டுகிற எங்களுக்கு ஒரு வட்டி, நேற்று வந்தவருக்கு ஒரு வட்டி. ஏன் என்று கேட்டேன். “மாத்திக்கலாம் மேடம், கன்வர்ஷன் ஃபீஸ் கட்டணும்” என்றார் கிளை அதிகாரி. இப்படி ஒரு வசதி இருப்பதை யாரும் எங்களிடம் வாய் திறந்து சொன்னதில்லை.

கட்ட மனசு வரவில்லை. கடனையே ஓர் அரசு வங்கிக்கு மாற்ற முடிவு செய்து, பாக்கி எவ்வளவு என்று ஃபோர்குளோஷர் கடிதம் கேட்டோம். மூன்று முறை அலைந்தோம். ஒரு நாள் சிஸ்டம் வேலை செய்யவில்லை, ஒரு நாள் மேனேஜர் லீவு. நான்காவது நாள் மும்பையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “உங்களுக்கு 8.75 போட்டுத் தருகிறோம், போக வேண்டாம்” என்றார். ஒரு போன் காலில் 0.65% குறைக்க முடிகிறவர்கள், நாங்கள் கிளம்பும்வரை எதற்காகக் காத்திருந்தார்கள்? எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் கடிதம் வந்தது. தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. யாராவது கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். கம்பெனி ஒரு மாதத்தில் சரியான பதில் தராவிட்டால், வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால் புகார் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி. வங்கிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

2023 செப்டம்பரில் கடன் மாறியது. பாக்கி 39.15 லட்சம், வட்டி 8.50%, மீதி 218 மாதம், தவணை 35,311. மாதம் 4,299 ரூபாய் கூடுதல். மகளின் பாட்டு வகுப்பை நிறுத்தினோம், அது இன்னும் மனசில் இருக்கிறது. மாற்றுவதற்கும் செலவு உண்டு: வங்கிக்குப் பரிசீலனைக் கட்டணம், வக்கீலுக்கு லீகல் ஒப்பீனியன், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய எம்.ஓ.டி.க்கு (பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பதிவு) ரசீது போட்டு மறுபடி புது எம்.ஓ.டி. பதிவு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, வட்டியில் மிச்சமாகும் பணத்தோடு வைத்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். எங்கள் பத்திரங்கள் புது வங்கிக்குப் போய்ச் சேர 40 நாளுக்கு மேல் ஆனது. கடன் முடிந்தால் 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல்தான் வந்தது. எங்களுக்கு அது இல்லை, உங்களுக்கு உண்டு.

கடனோடு சேர்த்து 1,12,000 ரூபாய்க்கு ஒரே பிரீமியம் இன்சூரன்ஸையும் எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள், ‘இது இல்லாமல் கடன் பாஸ் ஆகாது’ என்று. அந்த இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தப் பணத்துக்கும் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வீடு வாங்கப் போகிறவர்களுக்கு வருகிறேன். வட்டி கம்மியாக இருக்கும்போது வீடு மலிவாகத் தெரியும். மலிவு இல்லை. 31,012 ரூபாய் தவணைக்கு 7 சதவீதத்தில் 40 லட்சம் கடன் கிடைக்கும். அதே தவணைக்கு 9.40 சதவீதத்தில் 33.5 லட்சம்தான். நடுவில் இருக்கும் ஆறரை லட்சம் வாங்குகிறவரின் சக்தியிலிருந்து காணாமல் போகிறது. பில்டர் விலையை ஆறரை லட்சம் குறைத்தாரா? எங்கள் பக்கம் ஒருவரும் குறைக்கவில்லை. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் நிலையத்தையும் திறந்துவிட்டார்கள், அப்புறம் யார் குறைப்பார்கள்? எங்கள் மாடியில் ஒருவர் அந்த வருடம் வேலை மாற்றத்தால் வீட்டை விற்கப் பார்த்தார். வந்தவர்களுக்கெல்லாம் வீடு பிடித்தது, கடன்தான் போதவில்லை. கடைசியில் வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார். நாங்கள் தவணையைப் பார்த்து வீடு வாங்கினோம், விலையைப் பார்க்கவில்லை. பந்தலில் உட்கார்ந்து இன்றைய வட்டிக்குக் கணக்குப் போடுகிறவர்கள், அதோடு இரண்டரை சதவீதம் கூட்டி இன்னொரு கணக்குப் போடுங்கள். அந்தத் தவணையை உங்கள் சம்பளம் தாங்காது என்றால் அந்த வீடு இப்போது வேண்டாம். சின்ன வீடு பாருங்கள், இல்லை இன்னும் ஒரு வருடம் சேர்த்துவிட்டுப் போங்கள்.

எங்களைப் போலப் பலர் பாதிக்கப்பட்ட பிறகு, 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, மாதங்களைக் கூட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்று கணக்குத் தர வேண்டும். தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளர்கிற அளவுக்கு மாதங்களை இழுக்கக்கூடாது. இது வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும். 2024 அக்டோபர் முதல், கையெழுத்துக்கு முன்பே எல்லாச் செலவையும் சேர்த்த வருட வட்டி விகிதத்தோடு முக்கிய விவர அறிக்கை ஒன்றும் தர வேண்டும், அதுவும் நமக்குப் புரிகிற மொழியில். தமிழில் கேளுங்கள். அது கைக்கு வராமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்கத் தொடங்கி, டிசம்பரில் 5.25 ஆனது. எங்கள் வங்கியில் நாங்கள் கேட்காமலே 8.50 இப்போது 7.25 ஆகியிருக்கிறது. தவணையைக் குறைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அதே 35,311 கட்டுகிறோம், மாதங்கள் குறைகின்றன. இரண்டாவது மாடியில் இருக்கும் அண்ணன் எங்களோடு அதே மாதம், அதே பையனிடம் கையெழுத்துப் போட்டவர். அவர் மாறவில்லை. ரெப்போ 1.25% இறங்கியும் அவருக்கு அரை சதவீதம்தான் குறைந்திருக்கிறது. மீதி எத்தனை மாதம் என்று கேட்டேன், தெரியாது என்றார். நாலரை வருடத்தில் ஒரு முறைகூட ஸ்டேட்மென்ட் வாங்கியதில்லை.

வரும் சனிக்கிழமை அவரோடு நானும் தாம்பரம் கிளைக்குப் போகிறேன். கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு நகல், ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவோம்.