அம்மாவின் அவசர ஆபரேஷனுக்குப் பிறகு வந்த வீட்டுப் பிசியோதெரபி சேவை

அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. குடலிறக்கத்தில் குடல் சிக்கி அடைத்துக்கொண்டதால் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்சார்ஜ் ஆனபோது தையல் நன்றாக ஆறியிருந்தது, ஆள்தான் தேறவில்லை. கட்டிலில் தானாக எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அதனால் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் சேவை ஒன்றை ஏற்பாடு செய்தோம்.

வந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்டது ஆபரேஷனைப் பற்றி இல்லை. "நோய் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அம்மா எப்படி இருந்தாங்க?" தனியாகக் குளிப்பாரா, படி ஏறுவாரா, பகலில் சோர்ந்து படுப்பாரா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். முதுமைத் தளர்ச்சியை 1 முதல் 9 வரை அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் அம்மாவுக்கு 4 போட்டார். அதாவது, அன்றாட வேலைக்கு யார் தயவும் வேண்டாம், ஆனால் வேகம் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது பார்த்து எண் போட்டால் எல்லாருமே மோசமாகத்தான் தெரிவார்கள் என்றார். பழைய அந்த நிலைதான் எங்கள் இலக்கு என்று அன்றைக்கே முடிவானது. எனக்கு இந்தச் சேவையில் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் வாக்கரைப் பார்த்தார். கையைத் தொங்கவிட்டு நின்றால் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டுமாம். எங்களுடையது உயரமாக இருந்ததால் அம்மாவின் தோள் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. நான்கு கால்களையும் குறைத்து மாட்டினார். கண்ணாடியும் காது மெஷினும் போட்ட பிறகுதான் பயிற்சியே. "நாற்காலி ஓரத்துக்கு வாங்கம்மா. காலைப் பின்னால இழுங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும். இப்ப எழுந்திருங்க." அம்மா எழுந்துவிட்டார்! கட்டிலிலிருந்து சட்டென்று நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் என்பதால், ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்கப் பழக்கினார். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னார். திடீரென்று குழப்பமாகப் பேசினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லவும் சொன்னார். தொற்று, மலச்சிக்கல், மருந்து என்று எதுவும் காரணமாக இருக்கலாமாம்.

குறையும் உண்டு. இடையில் சொல்லாமல் கொள்ளாமல் வேறொருவரை அனுப்பினார்கள். அவரிடம் முந்தைய குறிப்பு எதுவும் இல்லை. படுக்கவைத்துக் காலைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா களைத்ததுதான் மிச்சம். சண்டை போட்ட பிறகே வீட்டில் ஒரு நோட்டு வைத்து எழுத ஆரம்பித்தார்கள். சாப்பாட்டைப் பற்றியும் அவர்கள் வாய் திறக்கவில்லை. புரதம் போதாமல் தசை எப்படித் தேறும்? உணவு ஆலோசகரைத் தனியாகப் பார்த்தோம். நோயிலிருந்து தேறும் முதியவர்களுக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லாதபட்சத்தில், உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவைப்படலாம் என்றார்.

இப்போது அம்மா கழிவறைக்கு வாக்கரோடு தானே போய் வருகிறார். படி இன்னும் ஏறவில்லை. இதுபோன்ற சேவையை எடுப்பவர்கள், கடைசிவரை ஒரே ஆள்தான் வருவாரா, குறிப்பு எழுதிவைப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.