மார்பிள் மேடைக்குப் பெயிண்ட்டா, பாலிஷா?

ஈரோட்டில் எங்கள் சமையல் மேடை வெள்ளை மார்பிள். மஞ்சள் கறை போதாதென்று, புளிக்கரைசல் சிந்திய இடமெல்லாம் வட்டம் வட்டமாக மங்கிக் கிடந்தது. மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் அரித்துவிடும்.

பெயிண்ட் என்றால் நிறம் நம் விருப்பம், கறையும் மறையும். ஆனால் வழவழப்பான கல்லில் சும்மா ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்து, தூசி போகத் துடைத்து, பெயிண்ட் பிடிக்க எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அப்புறம்தான் பெயிண்ட். இத்தனை செய்தாலும், சூடான குக்கரை அப்படியே வைத்தால் உரியக்கூடும். கத்தி பட்டால் கீறல்.

பாலிஷுக்கு வைர பேடு (வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு) மாட்டிய மெஷின் வரும். அடுக்களை முழுக்க வெள்ளைச் சேறு. புளி வடு போய்விடும், ஆழமாக இறங்கிய மஞ்சள் போகாமலும் இருக்கலாம்.

நான் பாலிஷ்தான் போட்டேன். பூஜை அறைச் சுவர் மார்பிளுக்கு வேண்டுமானால் பெயிண்ட் அடிக்கலாம். அங்கே குக்கர் வராதுங்களே.