ஊரடங்கில் பார்த்த படங்கள்: இரண்டாம் முறை பார்த்தபோது நின்றவையும் சரிந்தவையும்

ஊரடங்கு காலத்தில் பார்த்துவிட்டு, வாட்ஸப் குரூப்பில் எல்லோரிடமும் "கட்டாயம் பாருங்க" என்று சொன்ன படங்களையும் ஆவணப்படங்களையும் கொஞ்ச நாளாக மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் யார் சொன்ன அபிப்பிராயத்தையும் முழுசாக நம்ப முடியாது. வெளியே போக வழியில்லாதவனுக்கு எதைப் போட்டாலும் பிடித்துத் தொலைக்கும். அந்தப் பதற்றமெல்லாம் போன பிறகு எது நிற்கிறது, எது சரிகிறது என்று பார்க்க ஆசை.

எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூர் முருகேஷ்பாளையாவில் ஒரே பெட்ரூம் உள்ள வீடு. நான், மனைவி, அம்மா, நடுவில் ஒரு டிவி. அம்மாவுக்குத் தமிழும் கன்னடமும் சரளம். இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்க வராது. அதனால் பாதி ஆவணப்படங்களுக்கு நான்தான் உடனடி டப்பிங். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது, இணையம் திணறக் கூடாது என்று ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஏப்ரல் 14 வரை படத் தரத்தைக் குறைத்தன. மொபைல் நெட்வொர்க்கில் 480பி-க்கு மேல் கிடையாது. எங்கள் ஏரியா பிராட்பேண்டில் அதுவும் சாயங்காலமானால் சுற்றிக்கொண்டே நிற்கும்.

தமிழ்ப் படங்களில் இருந்து ஆரம்பிக்கிறேன். தியேட்டருக்கு வராமல் நேராக ஓடிடிக்கு வந்த முதல் பெரிய படம் 'பொன்மகள் வந்தாள்', 2020 மே 29. இதற்காகத் தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்கள் கோபித்துக்கொண்டதெல்லாம் ஞாபகம் இருக்கும். எங்களைப் போன்ற பெங்களூர்த் தமிழர்களுக்கு அல்சூர் லாவண்யாவிலோ லால்பாக் ரோடு ஊர்வசியிலோ பார்க்க வேண்டிய படம் வீட்டு ஹாலுக்கே வந்தது ஒரு திருவிழா மாதிரி இருந்தது. அந்தத் திருவிழாவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் படம் சுமார். சொல்ல வந்த விஷயம் கனமானது, ஆனால் கோர்ட் காட்சிகளில் எல்லோரும் மேடையில் நின்று பேசுகிறார்கள். அடுத்த மாதமே வந்த 'பெங்குயின்' முதல் பாதி பயம் இன்னும் வேலை செய்கிறது. சாப்ளின் முகமூடியும் குடையுமாக வரும் உருவத்தைப் பார்த்து அம்மா இந்த முறையும் எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் காரணம் சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் எல்லாம் கவிழ்ந்துவிடுகிறது.

அதிகமாக வயதாகிப் போனது 'புத்தம் புது காலை'. ஐந்து இயக்குநர்கள், ஐந்து குறும்படங்கள், எல்லாம் ஊரடங்குக் காலக் கதை, அக்டோபர் 16-ல் வந்தது. முதல் தடவை "அட, நம்ம நிலைமையைப் படமாவே எடுத்துட்டாங்களே" என்று ஒரு நெகிழ்ச்சி. இப்போது கண்ணில் படுவது வீடுகள்தான். எவ்வளவு பெரிய ஹால், எவ்வளவு பெரிய ஜன்னல், அவ்வளவு செடிகள்! அதில் உட்கார்ந்து மனம் திறந்து பேசினால் யாருக்குத்தான் உறவு சரியாகாது? இங்கே மூன்று பேருக்கு நடுவில் ஒரு சார்ஜர் சண்டையே தீரவில்லை. சுதா கொங்கராவின் பகுதியில் வயதான ஜோடி ஒருவர் கண்ணுக்கு ஒருவர் இளசாகத் தெரிவது மட்டும் இன்றைக்கும் அழகு, ஜெயராமும் ஊர்வசியும் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். கார்த்திக் சுப்பராஜின் பகுதி அந்தப் பெரிய வீடுகளை விட்டு வெளியே வந்து, கையில் காசில்லாத இரண்டு பேரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தப்பித்தது.

அதே ஊரடங்கைப் பற்றிய இன்னொரு படம், அடுத்த வருடம் மார்ச்சில் வந்த வினோத் காப்ரியின் '1232 கேஎம்எஸ்' என்ற இந்தி ஆவணப்படம். காசியாபாத்தில் இருந்து பீகாரின் சஹர்சாவுக்கு ஏழு தொழிலாளர்கள் சைக்கிளில் கிளம்புகிறார்கள், கேமராவும் கூடவே போகிறது. அவ்வளவுதான் படம். ஆனால் இதற்கு வயதே ஆகவில்லை. டயர் பஞ்சர், சோறு, போலீஸ், ராத்திரி எங்கே படுப்பது என்ற கவலைகள்தான் மாறி மாறி வருகின்றன. வீட்டுக்குள்ளேயே இருந்து எடுத்தவை வாடிப்போக, ரோட்டுக்குப் போய் எடுத்தது நிற்கிறது. இதை நான் பெங்களூரில் இருந்து பார்ப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2020 மே மாதம், கட்டட முதலாளிகளோடு கூட்டம் போட்ட கையோடு வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான ரயில்களைக் கர்நாடக அரசு நிறுத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுபடி விட்டது. எங்கள் தெருமுனையில் பாதியில் நின்ற அபார்ட்மென்டின் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் ரயில் இருக்கா இல்லையா என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தில் அந்த முகங்கள் இருக்கின்றன.

மலையாளத்தில் 'சி யூ சூன்'. மகேஷ் நாராயணன் இயக்கம், ஊரடங்குக்குள்ளேயே போனிலும் கம்ப்யூட்டர் திரையிலும் நடக்கிற மாதிரி எடுத்தது. இதுவும் பழசாகியிருக்கும் என்றுதான் போட்டேன். இல்லை. துபாயில் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணைப் போன், சாட், கேமரா வழியாக மட்டும்தான் எட்ட முடியும் என்பது கதைக்கே தேவையாக இருக்கிறது. ஊரடங்கு இல்லாவிட்டாலும் இதை இப்படித்தான் எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் 'சூரரைப் போற்று'. 2020 நவம்பர் 12. இதைத் தனியாகப் பார்க்காதீர்கள் என்பேன்; அதற்கு முந்தைய மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பேட் பாய் பில்லியனர்ஸ்' தொடரில் விஜய் மல்லையா பற்றிய பகுதியையும் சேர்த்துப் பாருங்கள். படத்தில் ஏழைகளும் ஏறும்படி மலிவு விலையில் விமானம் விடக் கிளம்பும் நாயகன் நெடுமாறன், சுருக்கமாக மாறா, சோழவந்தான்காரர். நிஜத்தில் கதைக்கு மூலமான கேப்டன் கோபிநாத் ஹாசன் மாவட்டம் கோரூர்க்காரர். அவருடைய ஏர் டெக்கான் 2003-ல் இங்கே பெங்களூரில்தான் பறக்க ஆரம்பித்தது. 2008 மே மாதம் தேவனஹள்ளிக்கு மாறும் வரை விமானங்களெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து எச்ஏஎல் ஏர்போர்ட்டில்தான் இறங்கும். புரொப்பல்லர் சுற்றும் அந்தச் சின்ன ஏடிஆர் விமானங்களை மொட்டைமாடியில் நின்று பார்த்த பையன்களுக்கு, ஒரு ரூபாய் டிக்கெட் என்ற பேச்சு கதையல்ல, பள்ளிக்கூடத்து வம்பு. "எங்க மாமா போனாரு" என்று ஒருத்தனாவது புளுகுவான்.

படம் வெற்றியில் முடிகிறது. ஆனால் 2007-ல் மல்லையா தரப்பு டெக்கானில் பங்கு வாங்கியது, அடுத்த வருடமே அதன் பெயர் கிங்ஃபிஷர் ரெட் ஆனது, 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் மொத்தமாகத் தரையில் நின்றன. ஆவணப்படத்தில் சம்பளம் வராத ஊழியர்கள் பேசும்போது, மாறா ஏழைகளை ஏற்றிப் பறக்கவிட்ட விமானம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று புரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்குப் படத்தின் மேல் மரியாதை குறையவில்லை. பாடல்களையும் வில்லனின் உறுமல்களையும் பொறுக்கும் பொறுமைதான் குறைந்தது.

ஒரு காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா சாகக் கிடக்கிறார் என்று கேட்டு ஓடிவரும் மாறா, டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் ஏர்போர்ட்டில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்துவான். 2020-ல் அதைப் பார்த்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. ஓசூர் எல்லை அத்திப்பள்ளியில் இ-பாஸ் காட்டினால்தான் ஊருக்குள் போக முடியும் என்றிருந்த வருடம் அது. சொந்தக்காரர் சாவை வீடியோ காலில் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இப்போது இ-பாஸ் இல்லை, பயமும் இல்லை, ஆனாலும் தாமதமாக வந்து சேரும் மகனைப் பார்த்து, அம்மாவாக வரும் ஊர்வசி வெடிக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. படத்துக்குக் கிடைத்த ஐந்து தேசிய விருதுகளில் அவர் பெயர் இல்லாதது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

மைக்கேல் ஜோர்டனையும் அவருடைய சிகாகோ புல்ஸ் பாஸ்கெட்பால் அணியையும் பற்றிய ஆவணத் தொடர் 'தி லாஸ்ட் டான்ஸ்' பற்றிச் சுருக்கமாக. ஜூனில் வரவேண்டிய தொடரை விளையாட்டே இல்லாத ஏப்ரலுக்கு முன்னால் இழுத்துப் போட்டார்கள். வாரத்துக்கு இரண்டு எபிசோட், திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தோம். பாஸ்கெட்பால் தெரியாதவர்களும் பார்க்கலாம். இரண்டாம் முறை பார்க்கும்போது மைக்கேல் ஜோர்டனின் பழிவாங்கும் குணம் அலுக்கிறது. ஏழு வருடத்துக்கு 18 மில்லியன் டாலர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, தன்னைவிடச் சாதாரண ஆட்டக்காரர்கள் அதிகம் வாங்குவதைப் பார்த்துப் புழுங்கும் சக ஆட்டக்காரர் ஸ்காட்டி பிப்பன்தான் இப்போது மனதுக்கு நெருக்கம். தன்னைக் காட்டிய விதம் பிடிக்கவில்லை என்று பின்னால் அவரே வெளிப்படையாகச் சொன்னார், நியாயம்தான்.

'மை ஆக்டோபஸ் டீச்சர்' ஆஸ்கர் வாங்கும் முன்பே எங்கள் வீட்டில் அம்மா விருது கொடுத்துவிட்டார். தென்னாப்பிரிக்கக் கடலில் கிரெய்க் ஃபாஸ்டர் ஆக்ஸிஜன் டாங்க் இல்லாமல் தினமும் முங்கி ஒரே ஒரு ஆக்டோபஸைப் பின்தொடர்கிறார். சுறா துரத்தும்போது அது கைக்கெட்டிய சிப்பி, கல்லையெல்லாம் உறிஞ்சிப் பிடித்து உடம்பைச் சுற்றிக் கவசம் கட்டிக்கொள்ளும். சுறா அந்த உருண்டையைக் கவ்விச் சுழற்றும். ஒரு கட்டத்தில் பார்த்தால் அது சுறாவின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது! அம்மா கைதட்டினார், நான் டப்பிங் சொல்லத் தேவையே இல்லாத நிமிடங்கள் அவை. ஃபாஸ்டர் தன் மன வேதனையைப் பற்றிப் பேசும் இடங்கள் இந்த முறை நீளமாகத் தெரிந்தன. அந்த இடங்களில் சப்தத்தைக் குறைத்துவிட்டேன். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் மூன்று பேருக்கும் சண்டையில்லாமல் பிடித்தது 'வைல்ட் கர்நாடகா'. அமோகவர்ஷாவும் கல்யாண் வர்மாவும் எடுத்தது. 2020 ஜனவரியில் டேவிட் அட்டன்பரோ குரலோடு தியேட்டருக்கு வந்து, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று டிஸ்கவரியில் ஒளிபரப்பானது. தமிழுக்குப் பிரகாஷ்ராஜ் குரல். அதனால் எனக்கு அன்றைக்கு டப்பிங் வேலையில் லீவு. அட்டன்பரோ குரலுக்கும் படத்துக்கும் பின்னால் தேசிய விருது கிடைத்தது, ஆனால் அம்மாவுக்கு இன்றைக்கும் அது "பிரகாஷ்ராஜ் படம்". இதை இரண்டாவது முறை நல்ல தரத்தில் பார்த்தபோதுதான், 2020-ல் நாங்கள் பார்த்தது பாதிதான் என்று தெரிந்தது. ஈரக்காட்டின் பச்சையில் எத்தனை விதம் இருக்கிறது என்பதெல்லாம் பழைய செட்டாப் பாக்ஸில் கலங்கித்தான் வந்திருந்தது.

அமெரிக்காவில் தனியாராகப் புலி வளர்ப்பவர்களைப் பற்றிய ஆவணத் தொடர் 'டைகர் கிங்' எங்கே என்று கேட்பீர்கள். போட்டோம், முதல் எபிசோடிலேயே மனைவி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். 2020-ல் அந்தக் கோமாளித்தனத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்தான் அவர். இப்போது "கூண்டுல இருக்கிற புலியைப் பத்தி ஒருத்தனும் பேசவே மாட்டேங்கிறானே" என்றார். அமெரிக்காவில் தனியார் புலி, சிங்கம் வளர்ப்பதற்கு எதிரான சட்டம் 2022 டிசம்பரில் வந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அதைப் பத்தி ஒரு படம் எடுத்தா சொல்லு" என்று சேனலை மாற்றிவிட்டார்.