பழைய பிளேஸ்டேஷன் 1002: மூன்று ஆண்டுகள் வைத்திருந்த பிறகு

சங்கரன்கோவிலில் இருக்கும் நண்பர் ஒருவர், தமக்கு ஒரு பழைய பிளேஸ்டேஷன் (சோனியின் வீடியோ கேம் பெட்டி) 4,500 ரூபாய்க்கு வருவதாகவும், அது நான் வைத்திருக்கும் அதே எஸ்சிபிஎச்-1002 என்ற மாடல் என்றும் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் சாம்பல் நிறப் பெட்டி மூன்று ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது; அதில் பாதி நாள் பழுதாகவே இருந்திருக்கிறது.

மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் வாங்கினேன். விற்றவரின் அண்ணன் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. 1995 செப்டம்பரில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த முதல் வகை என்பதால், நம் ஊர் 230 வோல்ட் மின்சாரத்திலும் நம் ஊர் டிவிகளின் பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறையிலும் நேராகவே இயங்கும். இடையில் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம்.

முதல் நாள் சிடியைப் போட்டுச் சுவிட்சை அழுத்தியதும் வெள்ளைத் திரையில் சோனியின் சின்னம் வந்தது. அதை அடுத்து வரவேண்டிய கறுப்புத் திரை வரவில்லை. மெமரி கார்டு, சிடி பிளேயர் என்று இரண்டு தேர்வுகள் மட்டுமே வந்து நின்றன. பழுதின் இடத்தை அறிய இதுவே போதும். வெள்ளைத் திரை பெட்டிக்குள் இருக்கும் சிப்பிலிருந்து வருவது; கறுப்புத் திரையோ சிடியைப் படித்துச் சரிபார்த்த பிறகே வரும். ஆகவே பவர் சப்ளையும் போர்டும் நலமாக இருந்தன, சிடியைப் படிக்கும் லென்ஸ்தான் சரியில்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் போனபோது, “லென்ஸ் வீக்கு அண்ணாச்சி, பிரிசெட்டைக் கூட்டி விட்டிருக்கேன், இனி ஓடும்” என்றார் கடைக்காரர். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஓடவும் செய்தது, நான்கு மாதங்களுக்கு. பிரிசெட் என்பது லென்ஸின் அருகில் இருக்கும் ஒரு சிறு திருகு; அதைத் திருப்பினால் லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடும், படிக்கும் திறனும் கூடும், ஆனால் லேசரின் ஆயுள் அந்த அளவுக்குக் குறையும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். அவர் கைவேலை தெரிந்தவர், கடையில் வேறு பல பொருட்களை நன்றாகச் சரிசெய்து தருபவர் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்த 600 ரூபாயை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நான்கு மாதங்களுக்குப் பின் வந்த கோளாறு வேறு விதமானது. கார்ப் பந்தயம் ஓடும், ஆனால் பந்தயத்துக்கு முன் வரும் வீடியோ காட்சி திக்கித் திக்கி நிற்கும். பந்தயத் தடத்தை ஒருமுறை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டால் போதும், சற்றுத் தாமதமானாலும் ஆட்டம் கெடாது. வீடியோவுக்கோ சிடியிலிருந்து இரட்டை வேகத்தில், நொடிக்கு 300 கிலோபைட் வீதம், இடைவிடாமல் தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும். லென்ஸ் ஓரிடத்தில் தடுமாறினாலும் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அப்போதுதான் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். வீடியோ தடங்கலின்றி ஓடியது. இந்த வகையின் பழைய உடைமையாளர்கள் எல்லோரும் அறிந்த வித்தை இது. லென்ஸைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் நகரும் சட்டம் பிளாஸ்டிக்கால் ஆனது. அது உரசி உரசித் தேய்ந்து, லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கவிழ்த்தால் எடை மறுபக்கம் விழுந்து, சாய்வு நேராகிறது. தேய்மானத்தை விரைவுபடுத்துவது சூடு. இந்த முதல் வகையில் லென்ஸ் பகுதியை பவர் சப்ளையின் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். மே மாதத்தில் 40 டிகிரியை எட்டும் நம் ஊரில் அந்த அமைப்பு என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை.

கவிழ்த்த பெட்டியை ஓர் ஆண்டு பொறுத்துக்கொண்டேன். சிடி மாற்ற ஒவ்வொரு முறையும் நிமிர்த்தி, மூடியைத் திறந்து, மாற்றி, மீண்டும் கவிழ்க்க வேண்டும். மூடியில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். பிறகு நானே பிரித்து, தேய்ந்த விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டி, பல்சக்கரங்களில் பழைய மசகைத் துடைத்துவிட்டுப் புதிதாக வெள்ளை கிரீஸ் தடவினேன். அரை மணி நேர வேலை, செலவு 50 ரூபாய்க்குள். பெட்டி நிமிர்ந்து நின்று ஓடியது. பிரிப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

நான் எதிர்பாராத ஒன்றும் இந்தப் பெட்டியில் கிடைத்தது. இந்த முதல் வகையில் மட்டும் பின்புறம் ஆர்சிஏ துளைகள் (ஒலி, ஒளி ஒயர்களைச் செருகும் வட்டத் துளைகள்) இருப்பதால், சாதாரண ஒயரைக் கொண்டு நேராக ஆம்ப்ளிஃபயரில் இணைக்கலாம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரக் கச்சேரி சிடி ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டேன். சேரன்மாதேவியைத் தாண்டி அம்பாசமுத்திரம் போகும் வழியில் இருக்கும் காருகுறிச்சியின் நாகசுரம் கூடம் முழுவதும் நிறைந்தது. என் சிடி பிளேயரில் கேட்காத தவிலின் அடிநாதம் இதில் கேட்டது. வீடியோவில் திக்கும் அதே லென்ஸ், பாட்டு சிடியில் ஒருமுறையும் தடுமாறியதில்லை; பாட்டுக்கு ஒற்றை வேகமே போதும் என்பதுதான் காரணம். இப்போது விளையாடுவதைவிடக் கேட்பதற்கே அதிகம் பயன்படுத்துகிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. நேற்று இரவு, நான் ஒட்டிய துண்டு இருந்தும், அந்த வீடியோ மறுபடி திக்கியது. மூன்று முறை அணைத்துப் போட்டும் தேறவில்லை. விளையாடத்தான் வேண்டும் என்றால் பின்னால் வந்த 7502 வகை பிளேஸ்டேஷனைத் தேடுங்கள். அதில் லென்ஸை பவர் சப்ளையிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள், ஆர்சிஏ துளைகள்தான் இல்லை. 1002-தான் வேண்டும் என்று மனம் கேட்டால், விற்பவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பெட்டி நன்றாகச் சூடான பிறகு வீடியோ காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அவர் பெட்டியைக் கவிழ்த்து வைத்துக் காட்டினால், 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.