645 கேம் இருக்கு சார்! – பழைய ஆர்கேட் பெட்டியோடு நாலரை வருஷம்

2021 பிப்ரவரியில் கோவையில் ஒரு கேம் சென்டரை மூடுகிறார்கள், மெஷின்களைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று நண்பன் சொன்னான். ஊரடங்கில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த கடை. கார் ஓட்டும் மெஷின், துப்பாக்கி மெஷின் எல்லாம் முன்னமே போய்விட்டன. நின்றுகொண்டே வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் பெட்டி ஒன்று மட்டும் மூலையில் தூசியோடு நின்றது. இரண்டு பேர் ஆடலாம், 20 இன்ச் பிக்சர் ட்யூப், உள்ளே கேம்களெல்லாம் அடங்கிய, சீனாவிலிருந்து வந்த 'பண்டோராஸ் பாக்ஸ் 4' போர்டு. "645 கேம் இருக்கு சார்" என்றார் விற்றவர். 28,000 சொன்னார், 21,500-க்கு முடித்தேன்.

அந்த 645-இல் மயங்கித்தான் வாங்கினேன். இந்தப் பெட்டியிலேயே மலிவான பொருள் அந்த போர்டுதான் என்பது பிறகுதான் உறைத்தது. 1985-இல் ஜப்பானில் வந்த, ஆர்கேட் மெஷின்களுக்கான 'ஜம்மா' என்ற பொது ஒயரிங் முறைப்படி 56 பின் கொண்ட ஒரே ஒரு கனெக்டரில் எல்லாம் வந்துவிடுகின்றன: கரண்டு, படம், ஒலி, குச்சி (ஜாய்ஸ்டிக்), பட்டன். பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகப் பத்து நிமிஷம் போதும். ட்யூப்பும் மரமும் அப்படி மாற்றக்கூடியவை அல்ல. இன்று வாங்கப் போனால் கேம் பட்டியலைப் பார்க்கவே மாட்டேன். முதலில் மெஷினை அணைக்கச் சொல்லி, கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். வருஷக்கணக்காக ஒரே எழுத்து எரிந்த இடத்தில் ட்யூப் நிரந்தரமாகக் கருத்திருக்கும். என் மெஷினில் கீழ் ஓரம் 'இன்சர்ட் காயின்' என்று ஆவி போல இன்றைக்கும் தெரிகிறது. அடுத்து, குனிந்து அடிப்பலகையை விரலால் அழுத்துவேன். கடையைக் கழுவி விட்ட தண்ணீரெல்லாம் அங்கேதான் போய் நிற்கும். எனக்கு வாய்த்தது எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை; பின்பக்க மூலை ஊறி ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஆசாரி அதை அறுத்தெடுத்துவிட்டு ப்ளைவுட் வைத்து, நாலு சக்கரமும் போட்டுக் கொடுத்தார். அந்தச் சக்கரங்கள்தான் இன்றுவரை நான் செய்த உருப்படியான செலவு.

குட்டி யானையில் ஏற்றி ஈரோடு வந்து சேர்ந்தால், வாசலில் நுழையவில்லை. கதவையே கழற்ற வேண்டியதாயிற்று. "இதென்ன சாமி, பீரோவா?" என்று அம்மா கேட்டார். டிவி மாதிரி என்றேன். "டிவிதான் இருக்குதே" என்றார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

முதல் வாரத்திலேயே தகராறு. பத்து நிமிஷம் ஆடியதும் மெஷின் தானாக ரீசெட் ஆகும். கேம் போர்டு போய்விட்டது என்று பயந்து புதுசுக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். கடைசியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், பவர் சப்ளையில் 5 வோல்ட் சரியாக வருகிறது, போர்டின் முனையில் 4.7 தான் இருக்கிறது. கனெக்டரின் பித்தளைப் பல்லெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. போர்டின் விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன். கனெக்டரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். சப்ளையில் இருக்கும் சின்னத் திருகைத் திருகி போர்டு முனையில் 5.05 வருமாறு வைத்தேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட ரீசெட் ஆகவில்லை. ஐந்து ரூபாய் ரப்பரில் தீர்ந்த விஷயத்துக்குப் புது போர்டு வாங்கியிருப்பேன். வாங்கியிருந்தாலும் அதே கனெக்டரில்தான் செருகியிருப்பேன். நாலு நாளில் அதே ரீசெட் திரும்ப வந்திருக்கும்.

ட்யூப் விஷயம் இப்படிச் சுலபமில்லை. அந்த வருஷ ஐப்பசி மழையில் ஒருநாள் படம் முழுக்கச் சுருங்கி, திரை நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடாக நின்றது. மேலும் கீழும் இருட்டு. பிக்சர் ட்யூப்புக்குள் நான் கை விடமாட்டேன். அணைத்த பிறகும் ஆபத்தான மின்னழுத்தம் அதில் தங்கியிருக்கும், ஓடும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். நீங்களும் விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அறுபது வயதுக்கு மேல். எல்.இ.டி. டிவி வந்த பிறகு மிக்சி, இஸ்திரிப் பெட்டி என்று பார்த்துக்கொண்டிருந்தவர். பின்கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"தம்பி, இது நம்ம பழைய டிவிதானுங்க. என்ன, ரிமோட்டுக்குப் பதிலா குச்சி வெச்சிருக்கான்."

வெர்டிகல், அதாவது படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி, போயிருக்கிறது என்றார். 'சைனா கிட்' என்கிற ரெடிமேட் டிவி சர்க்யூட்டைப் போட்டுவிட்டால் ஆயிரத்து சொச்சத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னார். நான் தலையாட்டியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். டிவிக்கான அந்த கிட்டில் ஆண்டெனாவும் ஏ.வி. ஒயரும்தான் செருகலாம். கேம் போர்டோ சிவப்பு, பச்சை, நீலம், படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் என்று தனித்தனி ஒயரில் படத்தை அனுப்புகிறது. இதை விளக்கியதும் அவரே, "அப்பச் சேஸிஸையே பார்த்துருவோமுங்க" என்று ட்யூப்பை ஓட்டும் பழைய சர்க்யூட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். வெர்டிகல் ஐ.சி. காலில் ட்ரை சோல்டர், அதாவது ஈயப்பற்று விட்டுப்போயிருந்தது. அதை மறுபடி பற்றவைத்துவிட்டு, வீங்கியிருந்ததையும் வீங்கப் போவதையும் சேர்த்து எல்லா எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் மாற்றினார். மொத்தம் 1,400 ரூபாய். படம் முன்பைவிடக் கூர்மையானது. பழைய பெட்டி வாங்குகிறவர்கள் போர்டுக்கு முன்னால் இப்படி ஒரு மனிதரைத் தேடிக்கொள்ளுங்கள். எல்.சி.டி. மாட்டிவிடலாமே என்று பலர் சொல்கிறார்கள். மாட்டலாம், தலைவலி குறையும், பெட்டியின் எடையும் குறையும். ஆனால் வரிவரியாக மினுங்கும் அந்தப் படம் போய்விடும். அது போனபின் என் கண்ணுக்கு இது பெரிய சைஸ் மொபைல்தான்.

குச்சியும் பட்டனும் தேய்மானப் பொருள்கள். வண்டிக்கு டயர் மாதிரி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதுவரை குச்சி இரண்டு முறை, பட்டன்களுக்கு அடியிலுள்ள மைக்ரோஸ்விட்ச் ஏழோ எட்டோ. ஸ்விட்ச் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். டெர்மினல் அகலம் 4.8 மி.மீ., 6.3 மி.மீ. என்று வேறுபடும், மாறினால் ஒயரின் கிளிப் நிற்காது. நான் கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலும் அலைந்திருக்கிறேன், ஆன்லைனிலும் வாங்கியிருக்கிறேன். ஆன்லைனில் வந்த ஜப்பானிய பிராண்டு குச்சி ஒன்று, பெயர்ப் பலகையைத் தவிர மற்றதெல்லாம் போலி.

பேக்-மேன் ஆட மகள் ஆசைப்பட்டபோது இன்னொன்று புரிந்தது. திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் பேய்களிடம் போய் மாட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கை சரியாகத்தான் இருந்தது. 1980-இல் வந்த அந்த கேம் நாலு திசைக் குச்சிக்காகச் செய்தது, எங்களுடையது எட்டுத் திசைக் குச்சி. கொஞ்சம் சாய்வாகப் போனாலும் குழம்பிவிடும். குச்சிக்கு அடியிலுள்ள சதுரச் சட்டத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் நாலு திசையாகிவிடுகிறது. ஆனால் அப்படி வைத்தால் சண்டை கேம் ஆட முடியாது. எனவே இடது குச்சி நாலு திசை, வலது குச்சி எட்டு என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம். பேக்-மேன் நெட்டுவாக்கு கேம் என்பதால் எங்கள் படுக்கைவாக்குத் திரையில் நடுவில் ஒல்லியாக, இருபுறமும் கறுப்புப் பட்டையோடு தெரியும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

காசு போடும் கதவை அப்படியே வைத்திருக்கிறேன். உள்ளே மாதிரிக்கு ஒரு நாணயத்தை மாட்டி வைத்தால், போடுகிற நாணயத்தை அதோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளும் வகை அது. கடைக்காரர் மாட்டியிருந்தது பழைய 25 மி.மீ. ஒரு ரூபாய். 2011-க்குப் பிறகு வந்தது 22 மி.மீ.கூட இல்லை, போட்டால் துப்பிவிடும். மாதிரியை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது, ஆனால் நான் மாற்றவில்லை. வீட்டில் பழைய பெரிய காசு முப்பத்தி நாலு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து. காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. மொபைலில் நடக்காத இந்தக் கட்டுப்பாடு இங்கே சண்டையில்லாமல் நடக்கிறது. மனைவி இந்தப் பெட்டியைப் பொறுத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

மற்றபடி சில்லறைத் தொல்லைகள். பின்பக்கக் காற்றுத் துளையில் கம்பிவலை அடிப்பதற்குள் எலி ஸ்பீக்கர் ஒயரைக் கத்தரித்துவிட்டது. பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. மைத்துனர் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரை ஒட்டி வைத்ததில் திரையின் ஓரம் ஊதா படர்ந்து, மெக்கானிக் காந்தத்தை நீக்கும் காயிலைத் திரைக்கு முன்னால் சுழற்றிச் சரிசெய்தார். முக்கியமானது எர்த்திங்: பட்டன் பலகையின் தகட்டில் கை வைத்தால் லேசாகச் சுர்ரென்றது. கடையிலேயே யாரோ மூன்று பின் ப்ளக்கை வெட்டி இரண்டு பின் ஆக்கியிருந்தார்கள். குழந்தைகள் தொடும் பொருள்; அன்றைக்கே மாற்றினேன். கரண்டு பில்லைப் பற்றிப் பயம் வேண்டாம். மீட்டர் மாட்டிப் பார்த்ததில் 90 வாட் அளவுக்குத்தான் இழுக்கிறது.

மெக்கானிக், ஆசாரி, வண்டி, உதிரிப் பாகம் என்று இதுவரை மேற்கொண்டு பதினோராயிரம் ஆகியிருக்கிறது. 645-இல் எத்தனை ஆடுகிறோம் என்று கேட்டால், பன்னிரண்டு. பட்டியலில் பல, ஒரே கேமின் வெவ்வேறு பதிப்புகள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரி போர்டுகளில் இருப்பவை உரிமம் வாங்காத நகல்கள். அந்த உறுத்தல் வேண்டாம் என்பவர்கள் கேப்காம் போன்ற கேம் நிறுவனங்கள் விற்கும் தொகுப்பை வாங்கி, கணினியைப் பெட்டிக்குள் வைத்து ஆடலாம்.

அந்தப் பன்னிரண்டில் முதலிடம் 'முஸ்தஃபா'வுக்கு. 1993-இல் கேப்காம் விட்ட அதன் உண்மைப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஆனால் தொண்ணூறுகளில் ஒரு ரூபாய்க் காசோடு வரிசையில் நின்ற எங்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஒருநாள் வேலை முடிந்தும் மெக்கானிக் கிளம்பாமல் நின்றார். ஒரு காசு கொடுத்தேன். முதல் ஸ்டேஜ் தாண்டவில்லை, ஆனால் வியர்த்துவிட்டது.

போன மாதம் அவரே போன் செய்தார். யாரோ தூக்கிப் போட்ட 21 இன்ச் டிவியிலிருந்து நல்ல ட்யூப் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாராம். ட்யூப்பின் கழுத்தில் மாட்டும் காயிலான யோக்கின் அளவும் பார்த்துவிட்டார், நம்முடையதற்கு ஒத்துவருமாம், காசு வேண்டாமாம். இப்போது அது பழைய ஜமுக்காளத்தில் சுற்றி எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மனைவி பெருக்கும்போது பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். டிவி மாதிரி என்றேன்.