அன்டி-கேடி மட்டும் போதுமா? ஜெட் கட்டும் மூன்று முறைகள்

வந்தாறுமூலை வளாகத்தில் இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு எல்எச்சி என்ற பெரிய துணிக்கை மோதுவியின் மோதல் தரவை எடுக்கும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சேர், எல்லாரும் அன்டி-கேடிதானே போடுறாங்க, நாங்களும் அதையே போடவா?" அன்டி-கேடி என்பது மோதலில் சிதறும் துணிக்கைகளை ஜெட் எனும் கூட்டங்களாகச் சேர்க்கும் ஒரு கணக்கு முறை. போடலாம். ஆனால் ஏன் என்று தெரிந்து போட வேண்டும்.

புரோத்தன்கள் மோதும்போது அவற்றுக்குள்ளிருந்து சிதறும் அடிப்படைத் துணிக்கைகளான குவார்க்கும் குளுவனும் தனியாக அகப்படுவதில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே திசையில் பாயும் துணிக்கைக் கூட்டமாகத்தான் உணர்கருவிக்கு வருகிறது. அதுதான் ஜெட். எந்தத் துணிக்கையை எந்த ஜெட்டில் சேர்ப்பது என்ற விதியை நாம்தான் வகுக்க வேண்டும்.

துணிக்கைகளை ஒரு கூம்புக்குள் அடக்கி ஜெட்டாக்கும் பழைய கூம்பு முறைகள் பலவற்றில் பெரிய கோளாறு இருந்தது. சக்தியே இல்லாத அளவுக்கு மெலிந்த ஒரு குளுவன் புதிதாக வந்தாலும் ஜெட்டுகளின் எண்ணிக்கை மாறிவிடும். கோட்பாட்டுக் கணக்கு அங்கேயே உடைந்துபோகும். 2007இல் வந்த சிஸ்கோன் என்ற கூம்பு முறை அதைச் சரிசெய்தது. இருந்தாலும் இன்று எல்எச்சியில் கோலோச்சுவது துணிக்கைகளைச் சோடி சோடியாகச் சேர்க்கும் முறைகள்தான். கேடி, கேம்பிரிட்ஜ்-ஆகன், அன்டி-கேடி என அவை மூன்று.

அவை மூன்றுக்கும் சூத்திரம் ஒன்றே. இரு துணிக்கைகளுக்கு இடையிலான கோணத் தூரத்தை ஜெட்டின் ஆரையாக நாம் தெரிவுசெய்யும் 'ஆர்' (R) என்ற எண்ணால் வகுத்து வர்க்கமாக்கி, குறுக்கு உந்தத்தின் (மோதும் கற்றைக்குச் செங்குத்தான உந்தத்தின்) ஓர் அடுக்கால் பெருக்க வேண்டும். மிகச் சிறிய விடை தரும் சோடி முதலில் சேரும். அடுக்கு 2 என்றால் கேடி, 0 என்றால் கேம்பிரிட்ஜ்-ஆகன், −2 என்றால் அன்டி-கேடி. கேடியில் இரு உந்தங்களில் சிறியதை எடுப்போம். அன்டி-கேடியில் பெரியதுதான் கணக்கில் வரும்.

போட்டுப் பார்ப்போம். ஆர் 0.4. ஒரு துணிக்கையின் குறுக்கு உந்தம் 100 ஜிஇவி (இத்துறையில் உந்தத்தை அளக்கும் அலகு). அதிலிருந்து 0.25 தூரத்தில் 1 ஜிஇவியில் ஒன்று, அதே பக்கமாக 0.35இல் 1 ஜிஇவியில் இன்னொன்று. கேடியில் மெலிந்தவை இரண்டுக்கும் இடையில் 0.0625, வலியதற்கும் கிட்ட இருப்பதற்கும் இடையில் 0.39. ஆகவே மெலிந்தவை முதலில் ஒட்டிக்கொள்ளும். அன்டி-கேடியில் வலியதுடனான விடை 0.000039 ஆகச் சுருங்குகிறது. மெலிந்தவற்றின் விடை அதே 0.0625. வலியதே முதலில் இழுத்துக்கொள்ளும்.

இதனால்தான் தனித்து நிற்கும் அன்டி-கேடி ஜெட் ஏறக்குறைய வட்டமாக வருகிறது. ஒரே நேரத்தில் நடக்கும் மற்ற மோதல்களின் குப்பையைக் கழிக்கவும் அளவைத் திருத்தவும் இது பெரிய வசதி. கச்சியாரி, சலாம், சோயே மூவரும் 2008இல் வெளியிட்ட இந்த முறையை எல்எச்சியின் இரு பெரிய பரிசோதனைகளான அட்லஸும் சிஎம்எஸும் பொது அளவையாக எடுத்துக்கொண்டதற்கு இது முக்கிய காரணம். கேடி ஜெட்டின் விளிம்போ ஒழுங்கில்லாமல் பரவும். ஆனாலும் அந்தக் குப்பையின் அடர்த்தியை மதிப்பிட இன்னமும் கேடிதான் உதவுகிறது.

சரி, கேம்பிரிட்ஜ்-ஆகன் எதற்கு? உள்ளே பார்ப்பதற்கு. வேகமாகப் பறக்கும் ஹிக்ஸ் துணிக்கை, பி என்ற வகைக் குவார்க்குகள் இரண்டாக உடைந்தால் இரண்டும் ஒரே தடித்த ஜெட்டுக்குள் விழும். எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று அன்டி-கேடியிடம் கேட்டுப் பயனில்லை. அது சேர்த்த வரிசைக்கு இயற்பியல் பொருள் குறைவு. கோணத்தை மட்டும் பார்க்கும் கேம்பிரிட்ஜ்-ஆகன் அந்தக் கிளைகளைப் படிப்படியாக அவிழ்த்துக் காட்டும். அதன் அருமையை நம் பிள்ளைகள் இன்னும் சரியாக உணரவில்லை என்பது என் ஆதங்கம்.

ஆகவே ஜெட்டுகளின் எண்ணிக்கையும் உந்தமும் மட்டும் வேண்டுமென்றால் அன்டி-கேடி 0.4 போட்டு நிறுத்துங்கள். உள்ளமைப்பு வேண்டுமென்றால் ஆரை 0.8, 1.0 என்று பெரிதாக்கி அன்டி-கேடியால் ஜெட்டைப் பிடியுங்கள். அப்புறம் அதன் துணிக்கைகளை மட்டும் எடுத்து கேம்பிரிட்ஜ்-ஆகனால் மறுபடி கட்டுங்கள். ஜெட் கட்டும் மென்பொருளான பாஸ்ட்ஜெட்டில் அதற்குச் சில வரிகள்தான், சாதாரண லாப்டொப்பே தாங்கும். அறிக்கையில் முறையின் பெயரோடு ஆரின் பெறுமானத்தையும் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாமல் வேறொருவர் உங்கள் முடிவை மீட்டெடுக்க முடியாது.