மாடியில் செடிப்பெட்டியும் பெஞ்சும்: தேக்கா, பைனா, டபிள்யூபிசியா?

மொட்டை மாடியில் இரண்டு செடிப்பெட்டி, நடுவே உட்கார ஒரு பெஞ்சு. இதற்குப் பலரும் பார்ப்பது மூன்று சரக்கு: சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டைப் பிரித்தெடுத்த பழைய பைன், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை, தேக்கு. எங்கள் ஓட்டு தேக்குக்கு. மழைக்காலம் முடிந்ததும் இழைப்புளியும் உப்புத்தாளும் வைத்து மறுபடி நிமிர்த்த முடிவது அதைத்தான்.

பைன் மலிவு, அறுக்கவும் சுலபம். பேலட்டில் இருக்கும் எச்.டி. முத்திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றார்கள் என்பதே அதன் பொருள். அதன்பின் வரும் ஈரத்துக்கும் கறையானுக்கும் அதில் பாதுகாப்பு கிடையாது. கூரை போட்ட பால்கனிக்குச் சரி.

டபிள்யூபிசியில் கறையான் கவலை குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் மதியம் தொட்டால் சுடும். பலகைக்குக் கீழே ஓர் அடிக்கு ஒரு தாங்குசட்டம் இல்லாவிட்டால் நாளடைவில் தொய்யும். மண் நிரப்பிய பெட்டியின் பக்கவாட்டு வெளியே பிதுங்கும். ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ அதே துளையில் பழைய பிடி பிடிக்காது. தயாரிப்புக்குத் தயாரிப்பு தரம் மாறுவதால் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது.

தேக்கு வாங்கும்போது பலகையின் ஓரத்தைப் பாருங்கள். வெளுத்த பட்டை ஓடினால் அது ‘வெள்ளை’, அதாவது மரத்தின் வெளிப்பகுதி. கறையான் அதைத்தான் முதலில் தின்னும். வைரப்பகுதியாக, அதாவது நடுமரமாகக் கேட்டு வாங்குங்கள். 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரத்தில் முக்கால் அங்குலப் பலகைப் பெட்டிக்குச் சேதாரத்தோடு ஒன்றேகால் கன அடி பிடிக்கும். 4 அடி பெஞ்சுக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

தேக்கும் அழுகும். ஆரம்பிப்பது பலகையின் நடுவில் அல்ல, வெட்டுமுனையிலும் காலின் அடிமுனையிலும் ஸ்க்ரூ தலையைச் சுற்றியும். மரத்தின் நரம்பு வாய் திறந்திருக்கும் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சும். அங்கே மட்டும் ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று தடவை, குடிப்பது நிற்கும் வரை தடவுங்கள். காலுக்கு அடியில் அரை அங்குல ரப்பர் துண்டு வையுங்கள். இருக்கைப் பலகைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மண்ணை மரத்தில் நேரே கொட்டாமல், வடிகால் துளை போட்ட எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பையை உள்ளே இறக்குங்கள். பெட்டியின் அடிப்பலகையும் இடைவெளி விட்டே இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துத் தேக்கில் கருங்கறை விடும். 304 ரக ஸ்டெயின்லெஸ், கடலோரமானால் 316. முறுக்கும் முன் 3 மில்லிமீட்டர் துளை போடாவிட்டால் முனை பிளக்கும்.

வார்னிஷ் பளபளக்கும், ஆனால் வெயிலில் வெடிக்கும். வெடிப்புக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் அடியில் கறுக்கும். பிறகு மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சில் அந்த வேலையில்லை. புரட்டாசியில் 120 நம்பர் உப்புத்தாள் ஓட்டி ஒரு கை, மழை ஓய்ந்து தை பிறந்ததும் இன்னொரு கை. ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். அப்போதே ஸ்க்ரூடிரைவர் நுனியால் காலின் அடிமுனையை அழுத்திப் பாருங்கள். புதைந்தால் அந்த ஓர் அங்குலத்தை மட்டும் அறுத்துவிட்டுப் புதுத் துண்டு ஒட்டலாம்.

எந்த மரமானாலும் பெட்டியை மாடி நடுவில் வைக்காதீர்கள். ஓர் அடி ஆழத்துக்கு நனைந்த செம்மண் ஒரு பெட்டிக்கு 190 கிலோ வரை வரும். ஆள் நடமாடும் மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். இந்தப் பெட்டி உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவு கலந்து, கீழே சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள்.